ஆலப்பாக்கம் வரைக்கும் ஒரு கல்யாணி

பிரான்சில் நான் வசிக்கும் ஊரில் ஓர் இசைப் பள்ளி இருக்கிறது. அங்கே இந்திய வயலின் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். தலையாட்டினார்கள். பிறகு பட்டமும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும் என்றார்கள். பட்டம் பத்திரமாக இருந்தது. மதிப்பெண் பட்டியல் மட்டும், வீடு மாறிய வருடம் நிலவறையில் தண்ணீர் புகுந்ததில் கூழாகிப் போயிருந்தது. நகல் வேண்டுமானால் நான் படித்த கல்லூரி இருக்கும் சிதம்பரத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தாளுக்காக இவ்வளவு தூரமா என்று கணவர் கேட்டார். அண்ணனைப் பார்த்து ஆறு வருடமாகிறது என்று காரணத்தைப் பெரிதாக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கடலூரில் இறங்கியபோது ஆனி மாதத்து வெயில். மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டுத் தெருமுனையிலேயே ஒருவர் தள்ளுவண்டியில் பலாப்பழத்தை அறுத்துச் சுளையெடுத்துக்கொண்டிருந்தார். விமானத்தின் குளிர்ந்த காற்றையே பதினான்கு மணி நேரம் சுவாசித்துவிட்டு வந்த மூக்கில் அந்த வாசனை இடித்தது. வீட்டுக்குள் நுழைந்தால் சங்கரா மீன் குழம்பு.

"அங்க மீன்லாம் கெடைக்குமா?" என்றாள் அண்ணி.

"கிடைக்கும் அண்ணி. தலையை வெட்டிப் போட்டுட்டுத்தான் விப்பாங்க."

"தலய போட்டுட்டா அப்பறம் என்னாத்துக்கு மீன் வாங்கறது?" என்று அவள் தலையையே எடுத்து என் தட்டில் வைத்தாள்.

முதல் நாள் தூக்கத்திலும் சாப்பாட்டிலும் போனது. இரண்டாம் நாள் காலை திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அண்ணன் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. கல்லூரிக் காலத்தில் நான்கு வருடம் அந்த ரயிலில்தான் போய்வந்தேன். வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள்.

வண்டி துறைமுகம் சந்திப்பில் நின்று கிளம்பியது. எதிர் இருக்கையில் ஒருவர் கைப்பேசியில் சத்தமாக ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் சுண்டல் விற்றுக்கொண்டு போனாள். அப்போது பெட்டியின் மறுமுனையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

கல்யாணி ராகம். இரண்டே மூச்சில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டுக் கீர்த்தனைக்குள் இறங்கியது. ரயில்களில் பாடுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பழைய சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு. இது வேறு. தண்டவாளச் சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கும் அளவுக்கு உரத்த குரல். ஆனாலும் சுருதி நூலளவு பிசகவில்லை.  அந்தக் கீர்த்தனையின் பல்லவியை அப்படி எடுக்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும்.

"அம்மா, ஒரு சினிமா பாட்டு பாடுங்க" என்றார் யாரோ. கல்யாணி சரணத்தைத் தொட்டு நின்றது. அடுத்த நிமிடம் ஒரு சினிமாப் பாட்டு தொடங்கியது. பாடிக்கொண்டே அவள் இருக்கைகளின் முதுகைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தாள். கறுப்புக் கண்ணாடி, தோளில் துணிப்பை, பையிலிருந்து கைப்பேசித் தம்புராவின் ரீங்காரம். நீட்டிய கை என் அருகே வந்தபோது அதைப் பிடித்துக்கொண்டேன்.

"புஷ்பம்" என்றேன்.

பாட்டு நின்றது. தலையை ஒருபுறம் சாய்த்தாள்.

"சாரதாவா? சாருவா நீ?" என் விரல்களை அழுத்திப் பார்த்தாள். "குரல் மாறவே இல்லடி. ஆனா உடம்பு போட்டிருக்க. கை சொல்லுது."

மரிய புஷ்பம் என்னோடு படித்தவள். கடலூரின் பழைய நகரமான ஓ.டி.யில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. எங்கள் வகுப்பில் வாய்ப்பாட்டு என்றால் அவள்தான். அப்போதே அவள் கண்பார்வை சுருங்கிக்கொண்டு வந்தது. பகலில் எழுத்துத் தெரியும், அந்தி சாய்ந்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கடைசி வருடம் கல்லூரி அரங்கில் அவள் மூன்று மணி நேரம் பாடினாள். நான்தான் பக்கவாத்தியம். கடைசிப் பேருந்து போய்விடும் என்று தெரிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

சிதம்பரம் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். எட்டு வருடமாக முழுவதும் பார்வை இல்லை என்றாள். கல்லூரி முடித்த பிறகு இசை ஆசிரியர் வேலைக்கு ஒன்பது இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாளாம்.

"கடசியா ஒரு ஸ்கூல்ல, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது, புள்ளைங்க ஓடுனா எப்படிப் புடிப்பீங்கன்னு கேட்டாங்க. நான் என்னா சொல்றது? பாடனா ஓடாதுங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அதோட சரி."

அவள் கணவர் ஜோசப்பும் பார்வையற்றவர். இதே ரயிலில் ஊசி, பின், ரேஷன் கார்டு உறை என்று விற்றுக்கொண்டிருந்தார். கொரோனாவில் போய்விட்டார். வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் அவர் நடந்த பெட்டிகளில் இவள் பாடத் தொடங்கினாள்.

"ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு பெட்டி. ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள ரெண்டு பாட்டு முடிச்சிக் கதவுகிட்ட வந்துடணும். மொதப் பாட்டு எனக்கு, கல்யாணியோ தோடியோ. ரெண்டாவது அவுங்களுக்கு. வெள்ளாத்துப் பாலத்துமேல மட்டும் பாட மாட்டேன். சத்தம் ஜாஸ்தி." டீயை உறிஞ்சினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "உனக்கு ஒரு லெட்டர் போட்டேன், சாரு."

எனக்கு நினைவிருந்தது. பதினைந்து வருடம் இருக்கும். யாரோ அவளுக்காக எழுதிக் கொடுத்த கடிதம். பிரான்சில் கோயில்களில் பாட, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏதாவது வழி இருக்குமா என்று கேட்டிருந்தாள். பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒருவரை அழைத்து வந்து எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று கணவர் கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுத்து எழுத மனம் வரவில்லை. அதனால் எழுதவேயில்லை.

"வந்துச்சு" என்றேன்.

"வந்துச்சா?" கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "நான் அட்ரஸ்தான் தப்போன்னு நெனச்சிருந்தேன்."

அதற்குள் கடலூர் போகும் வண்டியின் அறிவிப்பு கேட்டது. கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டாள். கோல் தட்டும் சத்தம் நடைமேடையில் வெகுதூரம் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்லூரி அலுவலகத்தில் நல்ல மனிதர் ஒருவர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். தூசியை ஊதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டி என் பெயரில் விரலை வைத்தார். நான்காவது வரி. முதல் வரியில் மரிய புஷ்பம். "மொத மார்க்கு வாங்கனவங்க இப்ப எங்க இருக்காங்க மேடம்?" என்று கேட்டார். ரயில்வேயில் என்றேன். "கவர்ன்மென்ட் வேல. நல்லது" என்றார். நான் திருத்தவில்லை.

வெளியே வந்தபோது குமரகுருவைப் பார்த்தேன். எங்களுக்கு இரண்டு வருடம் இளையவன், மிருதங்கம். இப்போது ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, நண்பர்களோடு சேர்ந்து மாதம் ஒரு கச்சேரி நடத்துகிறான். கீழவீதிப் பக்கம் ஒரு கடையில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வாங்கிக் கொடுத்தான். அந்தக் கொத்சுக்கு ஈடாக நான் போன எந்த நாட்டிலும் ஒன்றுமில்லை. இரண்டாவது கரண்டி கேட்டபோது அவன், "அக்கா, ஞாயித்துக்கெழம சாயந்தரம் நம்ம சபாவுல வாசிக்கிறீங்களா? பாட வேண்டியவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு" என்றான்.

"வாசிக்கிறேன். புஷ்பம் பாடட்டும்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவன் கை தட்டில் நின்றது. "புஷ்பம் அக்காவா? அவுங்க... ரயில்ல..."

"ரயில்ல பாடினா என்ன?" என்று ஆரம்பித்தேன். பாரீஸ் மெட்ரோவில் வாசிக்க வேண்டுமானால் முதலில் வாசித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரு செல்லோக்காரர் பகலில் சுரங்கப் பாதையில் வாசிக்கிறார், மாலையில் அதே வாத்தியத்தோடு அரங்கத்துக்குப் போகிறார். இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே மரியாதை என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. தெருவுக்கும் அரங்கத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு எஸ்கலேட்டர்தான் என்று உண்மையாகவே நம்பினேன். குமரகுரு தட்டைத் தள்ளி வைத்தான். "அக்கா குரல நான் மறக்கல. வரச் சொல்லுங்க" என்றான்.

இதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் புஷ்பத்துக்கு ஃபோன் செய்தேன். மறுமுனையில் ரயில் சத்தம். கச்சேரி விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ நேரம்?" என்றாள்.

"ஒன்றரை மணி நேரம். நாளைக்கு நான் வீட்டுக்கு வரேன், ஒருமுறை பாடிப் பார்த்துடலாம்."

"ரிகர்சலா? எதுக்குடி? கல்யாணி எங்க போயிடும்?" என்று சிரித்தாள். இருபது வயதுப் புஷ்பத்தின் சிரிப்பு.

அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். சில்வர் பீச்சில் அண்ணன் குடும்பத்தோடு போய் நின்றேன். அண்ணியோடு கடைக்குப் போனேன். பதில் எழுதாத கடிதத்துக்கு இப்போது எழுதிவிட்டதாக ஒரு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை என்று மதிய ரயிலை நிறுத்திவிட்டார்கள். என் வயலின் பெட்டியோடு பேருந்தில் கிளம்பினோம். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள் புஷ்பம். "என்னா கலர்னு நெஜமா சொல்லு" என்றாள். அரக்கு என்றேன். "அவ பச்சன்னு சொன்னாளே" என்று கவலைப்பட்டாள். கரையில் பச்சை இருக்கிறது என்றேன். அதன்பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

பேருந்தில் அவளுக்குக் கையும் காலும் ஓடவில்லை. ரயிலில் எந்தக் கம்பி எங்கே என்று கைக்குத் தெரியும். இங்கே ஒவ்வொரு திருப்பத்துக்கும் என் முழங்கையைப் பிடித்தாள். புதுச்சத்திரம் தாண்டி டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஒரு புளியமரத்து நிழலில் நின்றோம். நடத்துநர் பின்னால் வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார். அது நிற்காமல் போனது.

"ரயில்ல வந்தா எந்த எடம்னு நான் சொல்லிடுவேன்" என்றாள். "ரோடு எனக்குப் பழக்கமில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாரு, மொத வர்ணம். அப்பறம் கல்யாணி. ஆலாபனைக்கு இருவது நிமிஷம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம் எடுத்துக்கோ."

முகமெல்லாம் சிரிப்பாக அந்த வெயிலில் நின்றாள். இப்போதும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்த முகம்தான்.

அரங்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. ஏசி போட்ட சின்ன ஹால், எண்பது நாற்காலி. அறுபது பேர் வந்திருந்தார்கள். மேடையில் ஜமக்காளம், பின்னால் வெல்வெட் திரை. புஷ்பம் படியேறும்போதே நின்றாள்.

"என்னா இவ்ளோ அமைதியா இருக்குது? ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. நிறைய பேர்."

"மூச்சு வுடற சத்தங்கூட கேக்கலியே" என்றாள்.

தம்புரா சேர்ந்தது. வர்ணத்தை எடுத்தாள். முதல் ஸ்வரத்திலேயே ஒலிபெருக்கி அலறியது. முன் வரிசையில் ஒரு பெண்மணி காதில் கைவைத்தார். ஒலி அமைப்பாளர் ஓடி வந்து குறைத்தார். புஷ்பத்துக்குத் தன் குரல் திரும்பி வருவது புரியவில்லை. சத்தம் குறைந்ததும், கேட்கவில்லையோ என்று இன்னும் உயர்த்தினாள். நான் அவள் முழங்காலைத் தொட்டு, "மெதுவா" என்றேன். தாழ்த்தினாள். தாழ்த்திய குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. இரைச்சலுக்கு மேல் நின்று பாடியே பழகிய குரலுக்குச் சாய்ந்துகொள்ள அங்கே ஒன்றுமில்லை.

அடுத்தது கல்யாணி. ஆலாபனையை எடுத்தாள். ரயிலில் கேட்ட அதே இரண்டு மூச்சு, மேல் ஷட்ஜம். அழகாகத்தான் இருந்தது. இனி இறங்கி விரித்துப் பாடுவாள் என்று வில்லைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் மறுபடியும் அந்த இரண்டு மூச்சையே பாடினாள். மூன்றாவது முறையும். பிறகு, நான் வாசிக்க இடமே விடாமல், கீர்த்தனைக்குள் போய்விட்டாள். பல்லவியின் ஒரே வரியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்த்துப் பாடுவதைச் சங்கதி என்போம். கல்லூரியில் அந்த வரிக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எட்டுச் சங்கதி. புஷ்பம் மூன்று பாடினாள். நேரே சரணம். நான்கு நிமிடத்தில் கீர்த்தனை முடிந்தது.

முடிந்ததும் எழுந்து நின்றாள்.

கை தோள்பக்கம் போய்ப் பையைத் தேடியது. ஒரு காலை முன்னே எடுத்து வைத்தாள். மேடையின் விளிம்பு இரண்டடியில் இருந்தது. நான் வில்லைப் போட்டுவிட்டு அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். குமரகுரு மிருதங்கத்தைத் தாண்டி வந்து கையைப் பிடித்தான். அப்போதுதான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது. அந்த முகத்தை நான் எழுதப்போவதில்லை.

யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இரக்கத்தின் கைதட்டல் கேட்டாலே தெரியும், அவளுக்கா தெரியாது?

உட்காரவைத்தோம். தண்ணீர் கொடுத்தேன். "பல்லவிய மறுபடி எடு. அவசரமில்ல. எந்த ஸ்டேஷனும் வரல" என்று காதில் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது சங்கதிக்கு வாயைத் திறந்தாள், வரவில்லை. மூன்றாவதையே மறுபடி பாடினாள். மறுபடி திறந்தாள். தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை இரண்டு கையாலும் தடவிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மன்னிச்சிக்குங்க. எனக்கு இவ்ளோதான் வருது."

மீதி நேரத்தை நானும் குமரகுருவும் வாசித்து நிரப்பினோம். புஷ்பம் மேடையிலேயே, பக்கத்தில், மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். படியிறங்கும்போது நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "அம்மா, நான் தெனம் கிள்ளையில ஏறுவேன். உங்க பாட்டக் கேக்காத நாளே இல்ல. ரயில்ல ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். மனதாரச் சொன்னார். புஷ்பம் கைகூப்பினாள்.

குமரகுரு ஏற்பாடு செய்த காரில் திரும்பினோம்.  தெருமுனையில் இறங்கும்போது அவள் சால்வையை மடித்து இருக்கையிலேயே வைத்துவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் மதிப்பெண் பட்டியல் வாங்கச் சிதம்பரம் போனபோது ரயிலில் அவள் இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பு. செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். அன்றும் ரயிலில் புஷ்பம் இல்லை. சுண்டல் விற்கிற பெண்ணைக் கேட்டேன். "ரெண்டு நாளா வரலக்கா. ஒடம்பு சரியில்ல போலருக்கு. எல்லாரும் கேக்கறாங்க" என்றாள். ஃபோனை எடுக்கவில்லை. திரும்பும் வழியில் துறைமுகம் சந்திப்பில் இறங்கிவிட்டேன்.

ஓ.டி.யில் கருவாட்டு வாசம் வீசும் ஒரு சந்தின் கடைசியில் அவள் வீடு. ஒற்றை அறை. சந்துக்குள் நுழையும்போதே குரல் கேட்டது. ரயில் குரல் இல்லை, தாழ்ந்த குரல். அதே பல்லவி. ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தம். மறுபடி முதலிலிருந்து.

"உள்ள வா சாரு" என்றாள், நான் கதவைத் தொடுமுன்.

பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆறிப்போன சோறு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையால் தடுத்தாள்.

"உன் மேல கோவமில்ல. கோவம் இருந்தா சுலபமா இருக்கும்." சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "எனக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சுடி. ரயில்ல எவனாவது தள்ளும்மான்னுவான். சினிமா பாட்டுப் பாடும்மான்னுவான். நான் மனசுக்குள்ள சொல்லிக்குவேன், போடா, எனக்குள்ள மூணு மணி நேரக் கச்சேரி இருக்குது, உனக்கு நாலு நிமிஷந்தான் குடுக்கறேன்னு. ஜோசப் போனப்பறம் அத சொல்லிக்கிட்டுத்தான் தெனம் வண்டி ஏறுனேன். அது எப்பவோ போயிருக்குது. எனக்குத்தான் தெரியல. நீ கூட்டிட்டுப் போயிக் காட்டிட்ட."

அவள் எதிரில் பாயில் உட்கார்ந்தேன்.

"நாலாவது சங்கதி எப்படிப் போவும்? உனக்குத் தெரியும். பாடு."

பாடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் தொடையில் தாளம் போட்டபடி காத்திருந்தாள். நான்காவது இடத்தில் என் வாயும் நின்றது. எத்தனையோ வருடமாக நடன நிகழ்ச்சிகளுக்கே வாசிக்கிறேன். அங்கே இரண்டு சங்கதிக்கு மேல் தேவைப்படுவதில்லை. எப்போது போனது என்று எனக்கும் தெரியாது.

"எனக்கும் வரல, புஷ்பம்."

தாளம் நின்றது. "உனக்குமா?" என்றாள். அதில் ஆறுதல் எதுவும் இல்லை. அந்தச் சங்கதி மிச்சமிருக்கும் என்று அவள் நம்பிய கடைசி இடத்திலும் அது இல்லை என்று தெரிந்துகொண்ட குரல்.

யாராவது பாடிய பதிவைக் கைப்பேசியில் தேடித் தரட்டுமா என்றேன். "வேணாம். அது வேற யாரோட சங்கதியாவோ இருக்கும். நமக்குச் சொல்லிக்குடுத்தது வேற" என்றாள்.

மூன்றரை மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து முகம் கழுவினாள். இன்றைக்குப் போயே ஆக வேண்டும் என்றாள். பையை மாட்டிக்கொண்டாள், கோலை எடுத்தாள். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்தேன்.

"அந்த லெட்டருக்கு நான் பதில் போட்டிருக்கணும்" என்றேன் வழியில்.

"ஆமா. போட்டிருக்கணும்" என்றாள்.

 கோல் தட்டிக்கொண்டே போனது.

வண்டி வந்தது. கம்பியை அவள் கை தேடவேயில்லை. அது இருக்கும் இடத்துக்கே போனது. ஏறினாள். பின்னாலேயே நானும் படியில் கால் வைத்தேன்.

"நீ ஏறாத, சாரு."

"ஏன்? ஆலப்பாக்கம் வரைக்கும் வரேன்."

"வேணாம். நீ கேக்கறேன்னு தெரிஞ்சா எனக்கு அந்த ஹாலு வந்துடும். பாட வராது. எனக்குப் பாடி ஆவணும்."

காலை எடுத்துக்கொண்டேன். விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது. அவள் கதவருகே கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள், உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு. என் காதுக்கு எட்டாத தூரம் வரட்டும் என்று காத்திருந்தாள். கடைசிப் பெட்டியும் நடைமேடையைத் தாண்டிப் போகும் வரை அவள் குரல் கேட்கவில்லை.